நாச்சிமுத்து வாசல் வண்டி

நாச்சிமுத்து வீட்டுக்கா? எனக்கு முதலில் தீங்கு செய்தவன் அவன்தான். வழி சொல்கிறேன், உட்காருங்கள். இந்த வெயிலில் நடந்தால் சட்டை நனைந்துவிடும். பெண் வீட்டை விசாரிக்கப் போகிறவர் நனைந்த சட்டையோடு போய் நிற்கக்கூடாது.

தேங்காய் விலை கேட்க வந்ததாகச் சொன்னீர்கள். இருக்கட்டும். தேங்காய்க்கு வருகிறவன் இஸ்திரி போட்ட வேட்டி கட்டிக்கொண்டு, மூலையில் மஞ்சள் தடவின காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்க மாட்டான். மகனுக்குப் பெண் தேடுகிறீர்கள். வீட்டுக்குள் போவதற்கு முன்னால் வெளியில் நாலு பேரிடம் கேட்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் ஊரில் இத்தனை பேர் இருக்க, முதல் ஆளாக என்னிடம் வந்தீர்கள் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

நான் அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன். அவள் அம்மா மயிலாத்தாள் என் தங்கச்சி. அவள் புருஷன் நாச்சிமுத்து எனக்கு மாப்பிள்ளை முறை. பேச்சுவார்த்தை நின்று பதினோரு வருஷம் ஆகிறது. அவன் இவன் என்று சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். நேரில் இப்போதும் 'ங்க' போட்டுத்தான் பேசுவேன். பேசினால்.

பெண் தங்கம். அதை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். மீதியைப் பிறகு சொல்கிறேன்.

என்னிடம் ஒரு சின்ன டிராக்டர் இருந்தது. இருக்கிறது. வாழைக்கும் தென்னைக்கும் நடுவில் பூந்து வருகிற வண்டி. பெரிய டிராக்டர் போனால் வாழையைச் சாய்த்துவிடும், இது சாய்க்காது. ஒரு ஜோடி மாட்டைக் கொடுத்துவிட்டு வாங்கினேன். சிவப்பு நிறம். எங்கள் பக்கத்தில் அந்த மாதிரி வண்டி அப்போது என்னிடம் மட்டும்தான் இருந்தது. நாச்சிமுத்துவிடம் இல்லை. அவனுக்கு அது உறுத்தியது என்று நான் சொல்லவில்லை. நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆயுத பூஜை. வண்டியைக் கழுவி, என் தோட்டத்துக்கும் அவன் தோட்டத்துக்கும் நடுவில் போகிற வண்டித்தடத்தில், புங்கமரத்தடியில் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, மாவிலை வைத்து மஞ்சள் கயிறு கட்டினேன். எல்லாம் முறைப்படி. மறுநாள் காலையில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். திரும்பியது, கிளம்பவில்லை. திருப்பினேன், திருப்பினேன், பேட்டரி தீர்கிற வரைக்கும் திருப்பினேன். கிளம்பவே இல்லை. முந்தின நாள் வரைக்கும் ஓடின வண்டி.

அந்த நேரம் பார்த்து அவன் வந்தான். கூட என் தங்கச்சி. கையில் பொரிப் பொட்டலம். மஞ்சளுக்குக் களை எடுக்க வந்த பெண்கள் நாலு பேர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான். பொரியை ஒரு வாய் போட்டான். சொன்னான்.

"மச்சான், இது செத்துப் போச்சுங்க. பொணத்துக்குப் போயிப் பொட்டு வெச்சுட்டு நிக்கறீங்களே."

நாலு பெண்களும் சிரித்தார்கள். அவர்களை விடுங்கள், கூலிக்கு வந்தவர்கள். என் தங்கச்சி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். பொத்தினாலும் சிரிப்பு சிரிப்புதானே.

அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, அவன்தான் எதையோ செய்திருக்கிறான் என்று. இல்லாவிட்டால் நேற்று ஓடின வண்டி இன்றைக்கு நிற்குமா? டேங்கில் சர்க்கரையைப் போட்டானோ மண்ணைப் போட்டானோ. பஞ்சாயத்துக் கூட்டலாம் என்று நினைத்தேன். பஞ்சாயத்து என்றால் சாட்சி வேண்டும். சாட்சி அந்த வண்டிதான். அதனால் யாரையும் அதன்மேல் கை வைக்க விடவில்லை. மெக்கானிக்கைக் கூட்டி வரட்டுமா என்று என் வீட்டுக்காரி எத்தனையோ தடவை கேட்டாள். கூடாது, கை பட்டால் சாட்சி கலைந்துவிடும் என்றேன். பஞ்சாயத்து கூடவில்லை. ஒரு வருஷம் ஊரில் தேர்தல், ஒரு வருஷம் கோயில் நோம்பி, ஒரு வருஷம் கேட்கவே யாரும் இல்லை. வண்டி அங்கேயே நின்றது. நானும் விடவில்லை. வருஷம் தவறாமல் ஆயுத பூஜை அன்றைக்குப் போய்ப் பொட்டு வைத்து, பழைய கயிற்றின் மேலேயே புதுக் கயிறு கட்டிவிட்டு வருவேன். அவன் பார்க்க வேண்டும் என்றே கட்டுவேன்.

தங்கச்சி வீட்டுக்கு நான் போவதில்லை. என் வீட்டுக்காரி பின்பக்கத்து வரப்பு வழியாகப் போவாள் வருவாள், அது அவள் இஷ்டம். வரும்போது பலாப்பழமோ முறுக்கோ கொண்டு வருவாள். சாப்பிடுவேன். அது என் வீட்டுக்காரி கொண்டு வந்தது.

இந்தத் தை மாதம் ஒரு பழைய இரும்புக்காரன் என் வாசலில் வந்து நின்றான். தராசு கட்டின வண்டியோடு. பழைய டிராக்டர் ஒன்று கிடக்கிறதாமே, கொடுக்கிறீர்களா என்று கேட்டான். யார் சொன்னது என்றேன். கீழ்த்தோட்டத்துக்காரர் என்றான். கீழ்த்தோட்டம் என்றால் நாச்சிமுத்து. பதினோரு வருஷத்துக்கு முன்னால் பொணம் என்று சொன்னவன், இப்போது எடுக்க ஆளையும் அனுப்பிவிட்டான்.

அன்றைக்குத்தான் அவன் வாசலுக்குப் போனேன். உள்ளே போகவில்லை, கேட்டுக்கு வெளியிலேயே நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்பது இப்போது எதற்கு. சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னேன், அவ்வளவுதான். அவன் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தான். கையைக்கூடக் கழுவவில்லை.

"ஓடற வண்டின்னா ஓட்டிக்கிட்டு என் வாசலுக்கு வாங்க மச்சான். சொன்ன வார்த்தைய இங்கயே திருப்பி வாங்கிக்கறேன்."

கேட்டுக்கொண்டீர்களா? இது வாக்கு. தங்கச்சி கேட்டாள், அவன் மகள் கீர்த்திகா கேட்டாள், இரண்டு மாடு கேட்டது. நான் திரும்பி நடந்துவிட்டேன்.

மறுநாளே யூசுப் பாயைக் கூட்டி வந்தேன். டவுனில் பழைய டீசல் என்ஜின் என்றால் அவர்தான். வேறு மெக்கானிக் என்றால் வண்டியைப் பார்த்தவுடனே கையை உதறிக்கொண்டு போயிருப்பான். பின்சக்கரம் இரண்டும் பாதிக்கு மண்ணுக்குள். ஒரு பக்கம் கரையான் புற்று என்ஜின் மட்டத்துக்கு ஏறியிருந்தது. காற்று இழுக்கிற டப்பாவைக் கழற்றினால் உள்ளே எலிக்கூடு, அதில் என் வீட்டுக்காரியின் பழைய சேலைக் கிழிசல். சிவப்பு வெளுத்து, தக்காளி அழுகின நிறம்.

பாய் சுற்றிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது கயிற்றைப் பற்றி. ஓட்டுகிற இடத்துக்கு முன்னால் பதினோரு கயிறு சுற்றி, காய்ந்த மாவிலையும் குங்குமமும் சேர்ந்து ஒரு உருண்டையாக நின்றது. இதை அவிழ்க்கலாமா அண்ணா என்றார். அது சாமிக் கயிறு, அதைத் தொடாமல் மீதி வேலையைப் பாருங்கள் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

இரண்டாவதாகக் கேட்டது புகைக்குழாயைப் பற்றி. அதன் வாயில் ஒரு காப்பித்தூள் டின்னைக் கவிழ்த்துக் கம்பி போட்டுக் கட்டியிருந்தது. நான் கட்டியதில்லை. என் வீட்டில் காப்பித்தூள் பொட்டலத்தில் வாங்குவோம். டின்னில் வாங்குவது கீழ்த்தோட்டத்தில்தான். கம்பி முடிச்சைப் பார்த்தேன், மஞ்சள் மூட்டைக்கு அவன் போடுகிற முடிச்சு. அடியில் துருப்பிடித்து உதிர்ந்த பழைய டின் இரண்டு கிடந்தது. அதாவது ஒன்று இற்றுப்போனால் அடுத்தது, அது இற்றுப்போனால் அடுத்தது என்று மாற்றி மாற்றிக் கட்டியிருக்கிறான். எத்தனை வன்மம் பாருங்கள். பொணத்துக்கு வாய்க்கட்டு போடுவது போல என் வண்டிக்கு வாய்க்கட்டு.

யூசுப் பாய் அந்த டின்னை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத யாரு கவுத்தாங்களோ, அவங்களாலதான் மழத்தண்ணி உள்ள எறங்கல அண்ணா. எறங்கியிருந்தா பிஸ்டன் மொத்தமா ஒட்டியிருக்கும். தொடவே முடியாது" என்றார்.

அவர் வெளியூர்க்காரர். அவருக்கு நாச்சிமுத்துவைத் தெரியாது.

பிஸ்டன் லேசாகத்தான் பிடித்திருந்தது. மேலே டீசல் பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி ஊறப்போட்டார். கியரில் போட்டுவிட்டுத் தினமும் வண்டியை முன்னாலும் பின்னாலும் அசைக்கச் சொல்லிவிட்டுப் போனார். மண்ணை வெட்டிச் சக்கரத்தை வெளியே எடுத்தது நான். காற்றடித்தது நான். தள்ளினதும் நான்தான். அறுபத்தேழு வயது எனக்கு. ஒவ்வொரு தள்ளுக்கும் நாச்சிமுத்து என்று சொல்லித் தள்ளினேன். காலையில் ஐம்பது நாச்சிமுத்து, சாயங்காலம் ஐம்பது நாச்சிமுத்து. வண்டி ஒரு விரக்கடை அசையவில்லை.

அவன் தினமும் அந்தத் தடத்தில்தான் பால் கேன் எடுத்துக்கொண்டு போவான். நின்று பார்ப்பான், போவான். நாலாம் நாள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் புங்கமரத்தைப் பார்த்துச் சொன்னான், என்னைப் பார்த்து இல்லை, மரத்தைப் பார்த்து. "மொதல் கியர்ல போட்டுட்டுத் தள்ளுனா எப்படி நவுரும். டாப் கியர்ல போட்டாத்தான் லேசா சுத்தும்."

அவன் தலை மறைந்த பிறகு டாப் கியரில் போட்டேன். அவன் சொன்னதற்காக இல்லை, எனக்கே தோன்றியது. ஒன்பதாம் நாள் உள்ளே கடக் என்று ஒரு சத்தம். சக்கரம் உருண்டது. விட்டான் பார் பிடியை என்று சத்தமாகச் சொன்னேன்.

பிறகு பாய் வந்து டேங்கில் கிடந்த பழைய டீசலைக் கொட்டினார். புளி கரைத்த மாதிரி இருந்தது. டேங்கைக் கழுவி, பில்டர் மாற்றி, புது பேட்டரி வைத்து, குழாயில் இருந்த காற்றை எல்லாம் எடுத்தார். சாவியைத் திருப்பினேன். என்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. பம்பு வரைக்கும் டீசல் வருகிறது, நாசிலுக்கு வரவில்லை. இரண்டு நாள் பார்த்தார். பம்பைக் கழற்றினார், மாட்டினார். டவுனுக்குக் கொண்டு போகலாம் என்றார். ஒரு வாரம் போய்விட்டு வந்தது, பம்பில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். திரும்ப மாட்டினார். வரவில்லை. இப்படி நாற்பது நாள்.

நாற்பதாம் நாள் அவர் பம்பின் பக்கத்தில் உட்கார்ந்து, அதிலிருந்து போகிற ஒரு கம்பியை விரலால் தடவிக்கொண்டே வந்தார். டீசல் வண்டியில் சாவியைத் திருப்பினால் என்ஜின் அணையாது, தெரியுமல்லவா? அணைப்பதற்கு ஒரு கைப்பிடிக் கம்பி உண்டு. வெளியே இழுத்தால் டீசல் நின்று வண்டி அணையும். உள்ளே தள்ளினால்தான் திரும்பக் கிளம்பும். பாயின் விரல் அந்தக் கம்பியோடு வந்து, வந்து, என் சாமிக் கயிற்று உருண்டையில் வந்து நின்றது.

பாய் விரலை எடுத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணா, இந்தக் கயிறு யாரு கட்டினது?"

"நான்தான். பூஜைக்கு."

"கம்பிய வெளிய இழுத்து வெச்சுக் கட்டியிருக்குதுங்க."

அறுங்கள் என்றேன். அவர் கத்தியை என் கையில் கொடுத்துவிட்டார். சாமி விஷயம், நீங்களே அறுத்துக்குங்க, நான் தொடமாட்டேன் என்றார். அறுத்தேன். பதினோரு கயிறு. கம்பியை எண்ணெய் விட்டு உள்ளே தள்ளினார். சாவியைத் திருப்பினேன். இருமியது, ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. பாயும் அப்படித்தான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் ஒன்று கேட்கிறேன். நான் கயிறு கட்டுகிறபோது அந்தக் கம்பி உள்ளேதான் இருந்திருக்கும். யாராவது முன்னாலேயே இழுத்து வைத்திருந்தால்தானே வெளியே நிற்கும்? யார் இழுத்திருப்பார்கள்? அந்தத் தடத்தில் போகிறவன் யார்? அதற்குமேல் நான் சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்பினேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். நல்ல துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டேன். புங்கமரத்தடியிலிருந்து அவன் வாசலுக்கு நேர்வழியில் கூப்பிடு தூரம்தான். நான் ஊரைச் சுற்றிப் போனேன். ரேஷன் கடை, பால் சொசைட்டி, மாரியம்மன் கோயில், இந்த பஸ் நிறுத்தம், எல்லா வழியாகவும் போனேன். புகை அடித்தது, அடிக்கட்டும். எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள். அவன் வாசலில், கேட்டுக்கு நேராக, வண்டியை நிறுத்தினேன். என்ஜினை அணைக்கவில்லை.

அவன் வெளியே வந்தான். கையில் டம்ளர். வண்டியை ஒரு சுற்று சுற்றினான், அன்றைக்குச் சுற்றின மாதிரியே. சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன்.

"பொகை கறுப்பா வருதுங்களே மச்சான். நாசிலப் பாக்கோணும்."

அவ்வளவுதான். வார்த்தையை எடுங்க என்றேன். அணைத்துவிட்டு உள்ளே வாங்க, சாப்பிட்டுக்கொண்டே பேசலாம் என்றான். எனக்குத் தெரியாதா? அணைத்தால், திரும்பக் கிளம்பாவிட்டால்? அந்த வாசலில் மறுபடி பொணமா? அணைக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். தங்கச்சி சொம்பில் மோர் கொண்டு வந்து நின்றாள். பதினோரு வருஷத்துக்கு அப்புறம் அத்தனை பக்கத்தில் அவளைப் பார்க்கிறேன், தலை நரைத்துப்போயிருந்தது. குடிக்க மாட்டேன் என்றேன். அவள் சொம்பை மட்கார்டு மேல் வைத்துவிட்டுப் போனாள். வண்டி ஆடுகிற ஆட்டத்தில் மோர் தளும்பிக்கொண்டே இருந்தது. சிந்தவில்லை.

பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. வெயில் உச்சியில். கீர்த்திகா வந்தாள். அன்றைக்கு அவளுக்கு ஆபீஸ் லீவு போல. ஒரு குடையை விரித்து, அதன் காம்பை சீட்டுக்குப் பின்னால் கயிறு போட்டுக் கட்டி, நிழல் என் தலையில் விழுகிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள். பிறகு "மாமா, கொஞ்சம் இந்தப் பக்கம் நவுருங்க" என்றாள். நகர்ந்தேன். குடையை நான் கேட்கவில்லை. அவளாகக் கட்டினது.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். அந்தப் பெண்ணை விட்டுவிடாதீர்கள்.

மூன்று மணிக்கு டீசல் தீர்ந்தது. வண்டி இருமியது, இன்னொரு தடவை இருமியது, நின்றது. அப்போதுதான் நாச்சிமுத்து வாசல் மர நிழலிலிருந்து எழுந்து வந்தான். அதுவரைக்கும் அவனும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தான், சாப்பிடப் போகவில்லை. ஏன் போகவில்லை? என் வண்டி நிற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான். வந்து பானெட்டின் மேல் கையை வைத்தான். சூட்டில் கையை எடுத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே சொன்னான்.

"பொழச்சுக்கிச்சுங்க மச்சான்."

அவன் மனதில் அது வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொண்டதாம். தங்கச்சி அப்படித்தான் என் வீட்டுக்காரியிடம் சொல்லி அனுப்பினாள். அண்ணன் கேட்டது கிடைத்துவிட்டது, இனிமேல் வரப்போக இருக்கச் சொல்லு என்று. நீங்கள் படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள், நீங்களே சொல்லுங்கள். பிழைத்துக்கொண்டது என்றால் என்ன அர்த்தம்? அதற்கு முன்னால் செத்துக் கிடந்தது என்றுதானே அர்த்தம்? சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்கச் சொன்னால், அதையே இன்னொரு தடவை சொல்லிவிட்டான். அதுவும் சிரித்துக்கொண்டு. அதுவும் என் முகத்துக்கு நேராக.

நான் இறங்கினேன். அணைக்கிற கம்பியை வெளியே இழுத்தேன். இப்போது எனக்கு அந்தக் கம்பியின் சங்கதி தெரியும். துண்டின் கரையைக் கிழித்து, கம்பியை இறுக்கிக் கட்டி, சாவியை எடுத்துக்கொண்டு நடந்து வந்துவிட்டேன். குடையும் என் கையோடு வந்துவிட்டது. அது வீட்டில்தான் இருக்கிறது.

வண்டி இன்றைக்கும் அவன் கேட்டுக்கு நேராகத்தான் நிற்கிறது. ஒரு மாதம் ஆகிறது. அவன் தொடவில்லை. நினைத்தால் கியரைத் தட்டிவிட்டு நாலு ஆளை வைத்துத் தள்ளிவிடலாம். தள்ளவில்லை. பால் கேனை வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்து எடுத்துக்கொண்டு போகிறான் வருகிறான். பயம், வேறென்ன.

அதனால்தான் சொல்கிறேன், இந்தச் சம்பந்தத்தை முடித்துவிடுங்கள். என்னிடம் விசாரித்தீர்கள், நான் சொல்கிறேன். குடி கிடையாது, சீட்டு கிடையாது, அடுத்தவன் வாய்க்காலை மறித்தான் என்று அவன்மேல் ஒரு பேச்சு கிடையாது. மாட்டை அடிக்க மாட்டான். தங்கச்சியை ஒரு வார்த்தை கடிந்து பேசினதாக நான் கேட்டதில்லை. எனக்கு அவன் செய்தது எனக்கும் அவனுக்கும். உங்கள் மகனுக்கு அதில் ஒன்றும் இல்லை. வைகாசியில் முகூர்த்தம் வைத்துக்கொள்ளுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

வைகாசி என்றால் வாசலில் பந்தல் போட வேண்டும். பந்தல் போட வண்டியை எடுக்க வேண்டும். அப்போதும் தள்ளிவிட மாட்டான், நான் சொல்கிறேன். அது போக, தாய்மாமன் மணையில் வந்து நிற்காமல் அந்தப் பெண்ணுக்கு மாலை ஏறாது. வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்துக்கொண்டு அவன் என் வாசலுக்கு வந்தே ஆக வேண்டும். வரட்டும். கேட்டுக்கு அந்தப் பக்கமே நிற்க வைப்பேன். தட்டில் கை வைக்க மாட்டேன். அவனாகச் சொல்லட்டும்.

சீருக்குப் பட்டு எடுத்து வைத்துவிட்டேன், அது வேறு. கடையில் நல்ல நிறம் இருந்தபோதே எடுத்தது.

நீங்கள் கிளம்புங்கள், வெயில் தணிந்துவிட்டது. நேராகப் போய் இரண்டாவது தடத்தில் திரும்புங்கள். யாரிடமும் வீடு கேட்க வேண்டாம். வாசலை அடைத்துக்கொண்டு ஒரு சிவப்பு டிராக்டர் நிற்கும், அதுதான் வீடு. முந்தாநாள் கோடை மழை பெய்ததே, மறுநாள் காலையில் அந்த வழியாகப் போனேன். வண்டியைப் பார்க்கத்தான் போனேன். புகைக்குழாய் வாயில் மறுபடியும் ஒரு டின்னைக் கவிழ்த்துக் கட்டியிருக்கிறான். புது டின். லேபிள்கூடக் கிழிக்கவில்லை. அவன் கொழுப்பு இன்னும் அடங்கவில்லை என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

போனதும் அவனிடம் என்னைப் பார்த்ததாகச் சொல்லுங்கள். பெண்ணைப் பற்றி நல்லதாகச் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம். இதை மட்டும் சொல்லுங்கள்: பொழச்சுக்கிச்சு என்பதை மச்சான் ஏற்றுக்கொள்ளவில்லையாம். அது சாகவே இல்லை என்று சொல்ல வேண்டுமாம். அந்த ஒரு வார்த்தை எனக்கு அவனிடமிருந்து வர வேண்டியிருக்கிறது. இன்னும் வரவில்லை.